ஸ்லீவுக்குப் பிறகு இரண்டாவது ஆபரேஷனா? எந்தக் காரணத்துக்கு எந்த வழி

எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டு சில வருடங்கள் ஆனவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "ஸ்லீவை பைபாஸா மாத்திடலாமா?" எங்கள் சொந்தத்திலேயே இரண்டு பேர் இந்தக் கேள்வியோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். ஒருவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா. இன்னொருவர் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் மாமா பையன். இருவருக்கும் நடந்த முதல் ஆபரேஷன் ஒன்றேதான், இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஸ்லீவ். பைபாஸ் என்பது இரைப்பையைச் சின்னதாக்கி, குடலின் முதல் பகுதியைச் சாப்பாட்டுப் பாதையிலிருந்து விலக்கி இணைப்பது. ஆனால் இப்போது இருவருக்கும் பொருந்திய வழி ஒன்றல்ல. அக்காவுக்கு ஆபரேஷன் தேவைப்பட்டது. மாமா பையனுக்குத் தேவைப்படவில்லை.

எந்த ஆபரேஷன் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எதற்காக இரண்டாவது ஆபரேஷன் என்று கேட்க வேண்டும். அமிலம் மேலே ஏறுகிறதா, குறைந்த எடை திரும்பிவிட்டதா, உடம்பு சத்தை இழக்கிறதா? மூன்றுக்கும் பதில் வேறு. பல குடும்பங்களில் இந்த மூன்றையும் சேர்த்து "ஆபரேஷன் ஃபெயில் ஆயிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். தவறான முடிவு அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்லீவில் இரைப்பையின் இடப்பக்க வளைவு நெடுக வெட்டி, ஏறக்குறைய முக்கால் பங்கை வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். அது போய்விடுவதால் பசியும் அடங்குகிறது. ஆனால் குறுகிய குழாய்க்குள் அழுத்தம் கூடுகிறது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் இயற்கையாக இருந்த கோணமும் மாறிப்போகிறது. அதனால் சிலருக்கு அமிலம் மேலே ஏறுகிறது. வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. ஸ்லீவ் செய்தவருக்குப் பின்னால் போக வழி கிடையாது, வேறு ஒன்றாக மாற்றத்தான் முடியும். முதல் முறையைவிட இரண்டாவது முறை கடினம். உள்ளே ஒட்டல்கள் இருக்கும், பழைய ஸ்டேப்ளர் கோடு இருக்கும், கசிவும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு கூடுதல்.

அதனால் முடிவெடுக்கும் முன் சில பரிசோதனைகளைத் தவிர்க்கவே கூடாது. எண்டோஸ்கோபி கட்டாயம். பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் குழாய் எங்காவது முறுக்கியிருக்கிறதா, நடுவில் குறுகியிருக்கிறதா, மேல்பக்கம் பை மாதிரி விரிந்திருக்கிறதா என்று தெரியும். ரத்தத்தில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி), தைராய்டு, பி12, இரும்புச் சத்து, வைட்டமின் டி, ஆல்புமின் என்ற புரதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கூடவே ஒரு காகிதம் மிக முக்கியம்: முதல் ஆபரேஷனின் ஆபரேஷன் நோட்ஸ். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. குழாய் எந்த அளவில் வைக்கப்பட்டது, பைபாஸாக இருந்தால் எத்தனை சென்டிமீட்டர் குடல் விலக்கப்பட்டது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஆபரேஷன் செய்தவர்கள் இதை எழுதிக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய பதிவு.

முதலில் அமிலத்தைப் பார்ப்போம், ஏனென்றால் இதில்தான் சான்று தெளிவாக இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வின் ஐந்து வருட முடிவு 2018இல் வந்தது. ஏற்கெனவே எதுக்களிப்பு இருந்தவர்களில், ஸ்லீவ் செய்த 31.8 சதவீதம் பேருக்கு அது மோசமானது. பைபாஸ் செய்தவர்களில் அது 6.3 சதவீதம்தான். ஃபின்லாந்து ஆய்வின் பத்து வருட முடிவு 2022இல் வந்தது. அதில் எண்டோஸ்கோபி செய்து பார்த்தபோது உணவுக்குழாயில் புண் இருந்தது ஸ்லீவ்காரர்களில் 31 சதவீதம் பேருக்கு, பைபாஸ்காரர்களில் 7 சதவீதம் பேருக்கு. ஸ்லீவுக்குப் பின் வரும் நெஞ்செரிச்சல் நோயாளி காரமாகச் சாப்பிட்டதால் வந்த தண்டனை இல்லை. ஆபரேஷனின் அமைப்பிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

அக்காவுக்கு இதுதான். "ராத்திரி படுத்தா புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் வருதுடா தம்பி" என்பாள். இரண்டு தலையணை வைத்து, பாதி உட்கார்ந்த நிலையில்தான் தூக்கம். எடையும் கொஞ்சம் திரும்பியிருந்தது, ஆனால் அவளைத் தின்றது அமிலம்தான். இப்படிப்பட்டவருக்கு இருக்கும் வழிகள்: மாத்திரையோடு தொடர்வது, ஸ்லீவை இன்னொரு முறை சின்னதாக்குவது, மினி பைபாஸ், அப்புறம் வழக்கமான ரூ-ஆன்-ஒய் பைபாஸ்.

மாத்திரையில் அடங்கி, எண்டோஸ்கோபியில் புண் இல்லையென்றால் கத்தி வேண்டாம். மாத்திரையை இரட்டிப்பாக்கியும் அடங்கவில்லை, புண்ணும் இருக்கிறது என்றால் மட்டுமே அடுத்த பேச்சு. ஸ்லீவைத் திரும்பச் சின்னதாக்குவது அமிலம் உள்ளவருக்குச் சரியான வழி இல்லை. அழுத்தத்தால் வந்த கோளாறுக்கு அழுத்தத்தை இன்னும் கூட்டுவதில் என்ன நியாயம்? மினி பைபாஸில் இரைப்பைக் குழாயும் சிறுகுடலும் ஒரே இடத்தில் இணைகின்றன. பித்தநீர் அந்த இணைப்பைத் தாண்டித்தான் போகும். அதனால் அமிலம் குறைந்தாலும் பித்தம் மேலே ஏறும் வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே புண்ணான உணவுக்குழாய்க்கு அந்த அபாயம் எதற்கு? ரூ-ஆன்-ஒய்யில் இரண்டு இணைப்புகள் உண்டு. பித்தம் வரும் குடல் கீழே தள்ளிச் சேர்வதால் மேலே ஏறும் வாய்ப்பு மிகக் குறைவு. ஓர் ஆஸ்பத்திரியில், மினி பைபாஸ் செய்தால் எடை இன்னும் நன்றாக இறங்கும் என்று அக்காவிடம் சொன்னார்கள். அது பொய் இல்லை. ஆனால் அவள் கேட்டது எடைக்கு இல்லை. ரூ-ஆன்-ஒய்தான் என்று முடிவு செய்தோம். அமிலம் முக்கியக் காரணமாக இருக்கும் எவருக்கும் நான் தயங்காமல் சொல்லும் வழி இதுதான்.

அதற்கும் விலை உண்டு. ஸ்லீவிலிருந்து ரூ-ஆன்-ஒய்க்கு மாறுபவர்களுக்கு அமிலம் நன்றாக அடங்கும், எடை பெரிதாக இறங்காது. முதல் ஆபரேஷனில் கண்ட மாதிரி மாதாமாதம் சட்டை தளரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இனிப்பு சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று வரலாம். இணைப்பு இடத்தில் புண் வரலாம். புகை பிடித்தாலும் வலி மாத்திரை போட்டாலும் அந்த அபாயம் கூடும். நம் ஊரில் மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நின்று "வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கிவிடுகிறோம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் அந்தக் கவரில்தான் வரும். பைபாஸ் செய்தவருக்கு அவை ஆகாது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று வயிறு முறுக்கி வலித்தால், அதுவும் எடை நன்றாக இறங்கிய பிறகு, குடல் உள்ளுக்குள் சிக்கியிருக்கலாம். கேஸ் என்று நினைத்து ஓம வாட்டர் கொடுத்துக் காத்திருக்காமல் சி.டி. ஸ்கேனும் அறுவை மருத்துவரும் உள்ள இடத்துக்கு உடனே போக வேண்டும்.

இனி எடை திரும்புவது. இங்கேதான் அவசரம் அதிகம், தேவை குறைவு.

ஆபரேஷனுக்குப் பின் ஒன்றிலிருந்து ஒன்றரை வருடத்தில் எடை அடிமட்டத்துக்கு வரும். பிறகு கொஞ்சம் ஏறும். ஐந்தாறு கிலோ ஏறுவது உடம்பின் இயல்பு, தோல்வி இல்லை. மாமா பையனுக்கு அதைவிட அதிகமாகவே ஏறியிருந்தது. நெஞ்செரிச்சல் இல்லை, எண்டோஸ்கோபி சுத்தம், சுகர் எல்லையில் நின்றது. "இன்னொரு ஆபரேஷன் பண்ணிக்கிறேன்" என்று மனதளவில் தயாராகிவிட்டான். புதுச்சேரியில் அவனைப் பார்த்த டயட்டீஷியன் முதலில் ஒரு வாரம் சாப்பிட்டதை எல்லாம் எழுதச் சொன்னார். எழுதியதும் விஷயம் தெரிந்தது. சாப்பாட்டு அளவு சின்னதுதான். ஆனால் காலை முதல் இரவு வரை சர்க்கரை போட்ட டீ, பேக்கரி பன், மிக்சர், ஐஸ்கிரீம். முட்டையோ சிக்கனோ ஸ்லீவில் தங்கிக் கனக்கும், இரண்டு வாயில் போதும் என்று ஆகிவிடும். பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் கரைந்து இறங்கிவிடும். எது சிரமமில்லாமல் இறங்குகிறதோ அதன் பக்கம் கை போகிறது. ஒழுக்கக்குறைவு என்று திட்டுவதால் இது மாறாது. முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் சோறு என்று வரிசையை மாற்ற வேண்டும். கடலூர் முதுநகர் மீன் கிடைக்கும் ஊரில் இது முடியாத காரியம் இல்லை. நெத்திலியும் சங்கராவும் மென்மையாக வேகும், ஸ்லீவுக்கும் ஒத்துக்கொள்ளும். சைவமென்றால் பனீர், சுண்டல், தயிர், பருப்பு என்று கணக்கிட்டுச் சாப்பிட வேண்டும். நாளைக்கு 60 கிராம் புரதமாவது தேவை.

புதுச்சேரியில் பலர் வாய்விட்டுப் பேசாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: மது. ஸ்லீவுக்குப் பின்னும் பைபாஸுக்குப் பின்னும் மது சீக்கிரமாகவும் அதிகமாகவும் ரத்தத்தில் ஏறும். பைபாஸ் செய்தவர்களில் இரண்டாம் வருடம் முதல் மதுச் சிக்கல் கூடுவதை அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. எடை ஏறியதற்குக் காரணம் குடி என்றால், ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது அவரை இன்னும் ஆழமான பள்ளத்தில் தள்ளும். மனநல மருத்துவரைப் பார்ப்பதுதான் அவருக்கு முதல் சிகிச்சை.

உணவை மாற்றியும் இறங்கவில்லையா? அடுத்தது பசியை அடக்கும் ஊசி மருந்து. லண்டனில் 70 பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. எடை குறைப்பு ஆபரேஷன் செய்தும் போதுமான பலன் கிடைக்காதவர்களுக்கு லிராகுளுடைடு கொடுத்ததில், 24 வாரத்தில் சராசரியாக 8.8 சதவீதம் எடை குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு அரை சதவீதம்தான். அதைவிட வலுவான டிர்செபடைடும் எடைக்கான செமாகுளுடைடும் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. மாமா பையன் இப்போது இந்த வழியில்தான் இருக்கிறான். இறங்குகிறது.

இதிலும் கண்ணைத் திறந்துகொண்டுதான் இறங்க வேண்டும். செமாகுளுடைடை நிறுத்திய ஒரு வருடத்தில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஆய்வு சொல்கிறது. அப்படியென்றால் மாதச் செலவு வருடக்கணக்கில் ஓடும். குடும்பத்தால் அதைத் தாங்க முடியுமா என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். குமட்டலும் மலச்சிக்கலும் வரும். ஏற்கெனவே சின்ன வயிறு, அதில் பசியும் இல்லையென்றால் புரதம் குறைந்து தசை கரையும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவருக்கும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவருக்கும் இந்த ஊசி கூடாது. இவ்வளவு இருந்தும், எடை மட்டுமே காரணம் என்றால் கத்திக்கு முன்னால் ஊசி என்பதே என் பக்கம். ஊசி ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்தலாம், ஆபரேஷனை நிறுத்த முடியாது.

உணவும் மருந்தும் பலிக்கவில்லை, பிஎம்ஐ (உயரத்தை வைத்து எடையை அளக்கும் கணக்கு) 35க்கு மேலேயே நிற்கிறது, சுகரும் கட்டுக்குள் இல்லை என்றால் ஆபரேஷனுக்கு நியாயம் இருக்கிறது. எடைக்காக ஸ்லீவைத் திரும்பச் சின்னதாக்குவது, குழாய் தெளிவாக விரிந்திருக்கும் சிலருக்கு மட்டும்தான். அதிலும் பலன் நீண்ட நாள் நிற்பது குறைவு. உண்மையான போட்டி மினி பைபாஸுக்கும் சாடி என்று சொல்லப்படும் ஆபரேஷனுக்கும் இடையில்தான்.

மினி பைபாஸில் ஒரே இணைப்பு என்பதால் நேரம் குறைவு, எடையும் நன்றாக இறங்கும். எவ்வளவு குடலை விலக்குகிறார்கள் என்பதில்தான் விஷயம். பிரான்ஸில் 253 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், 200 சென்டிமீட்டர் விலக்கிய மினி பைபாஸ் எடையில் ரூ-ஆன்-ஒய்க்குக் குறையவில்லை. ஆனால் ஆபரேஷன் தொடர்பான கடுமையான பாதிப்புகள் மினி பைபாஸில் 42, ரூ-ஆன்-ஒய்யில் 24. அந்த 42இல் ஒன்பது சத்துக் குறைபாடு. மற்றதில் அப்படி ஒன்றுகூட இல்லை. ஆகவே "எத்தனை சென்டிமீட்டர் டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சாடி 2007இல் ஸ்பெயின் மருத்துவர்கள் உருவாக்கியது. ஸ்லீவை அப்படியே வைத்துக்கொண்டு, முன்சிறுகுடலை வெட்டிச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பார்கள். எடை இறங்குவதில் இதுதான் முன்னே நிற்கிறது. கூடவே பேதி, நாற்றமுள்ள வாயு, ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறைவது எல்லாம் சேர்ந்து வரும்.

இங்கே ஊர் முக்கியமாகிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் வேலை பார்க்கும் ஒருவர் ஆயுள் முழுக்க வைட்டமின் மாத்திரை வாங்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு ரத்தப் பரிசோதனை செய்து, அதைப் படித்துச் சொல்லும் மருத்துவரைப் பார்த்துவர முடியுமா? முடியாது என்றால் சாடி அவருக்கு இல்லை, எவ்வளவு எடை இறங்கும் என்றாலும். சுத்த சைவம், புரதம் குறைவு என்றாலும் அப்படித்தான். கொஞ்சம் குறைவாக இறங்கினாலும் உடம்பு பாதுகாப்பாக இருப்பதே மேல்.

ஏற்கெனவே பைபாஸ் செய்து எடை திரும்பியவர்களுக்கு வழிகள் குறைவு. இணைப்பு விரிந்திருந்தால் எண்டோஸ்கோபி வழியாகத் தையல் போட்டுச் சுருக்கலாம். குடலை இன்னும் நீளமாக விலக்குவது புரதத்தை வாரிக்கொண்டு போகும். இவர்களுக்கும் ஊசிதான் முதலில். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி இறுக்கும் பழைய பேண்ட் போட்டவர்களுக்கு, தொந்தரவு இருந்தால் கழற்றிவிட்டு வேறு ஆபரேஷனுக்கு மாறுவது வழக்கம்.

சத்து இழப்பு என்ற மூன்றாவது காரணத்தில் மட்டும் காத்திருப்பது ஆபத்து. மினி பைபாஸுக்குப் பின் கால் வீங்குகிறது, ஆல்புமின் குறைகிறது, முடி கொத்தாக உதிர்கிறது. சொந்தக்காரர்களோ "என்னமா இளைச்சிட்டே!" என்று பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் நோய் மறைந்துவிடும். முதலில் சத்தேற்றி உடம்பைத் தேற்றுவார்கள். தேறவில்லையென்றால் விலக்கிய குடலைக் குறைப்பதோ, இணைப்பைத் திருப்பி அமைப்பதோ தேவைப்படும். இன்னொன்றையும் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: எந்த எடை ஆபரேஷனுக்குப் பிறகும் நாள்கணக்கில் வாந்தி எடுத்தால் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோகும். அந்த நிலையில் பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். நடை தள்ளாடுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, குழப்பமாகப் பேசுவது எல்லாம் அதன் அறிகுறி. "எடை ஆபரேஷன் ஆனவர், முதலில் தயமின் போடுங்க" என்று கூட வருபவர் சொல்ல வேண்டும்.

எங்கே செய்வது? புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஊரைச் சுற்றித் தனியார் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் போனால் சென்னை. கேட்க வேண்டியது ஊரை இல்லை, மருத்துவரை: மாற்று ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறார், இரவு இரண்டு மணிக்குக் கசிவு வந்தால் ஐசியூ, ரத்த வங்கி, எண்டோஸ்கோபி குழு அதே கட்டடத்தில் உண்டா? 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் பகுதியில் முதல் எடை ஆபரேஷனின்போதே இறந்துபோனார், சுகாதாரத் துறை விசாரணை நடத்தியது. முதல் ஆபரேஷனுக்கே இந்த முன்னெச்சரிக்கை தேவையென்றால் இரண்டாவதுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேக்கேஜ் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

காப்பீட்டில், உடல் பருமன் ஆபரேஷனுக்கு பிஎம்ஐ 40, அல்லது கடுமையான துணை நோய்களோடு 35 என்பது பாலிசிகளில் இருக்கும் பொது நிபந்தனை. அமிலத்துக்காகச் செய்பவரின் பிஎம்ஐ அதற்குக் கீழே இருக்கலாம். அப்போது, இது எடைக்காக இல்லை, உணவுக்குழாய்ப் புண்ணுக்காக என்று மருத்துவர் எழுதிய கடிதத்தையும் எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டையும் வைத்து முன் அனுமதி கேட்க வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பி அட்மிட் ஆகாதீர்கள்.

சென்னையில் செய்தால் மூன்றாம் நாளே கடலூருக்குக் காரில் திரும்ப வேண்டாம். கசிவு பல நேரம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தலைகாட்டும். காய்ச்சல், நாடி வேகம், இடது தோள்பட்டை வலி, மூச்சு வாங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போக வேண்டும். முதல் இரண்டு வாரம் அந்த ஆஸ்பத்திரிக்கு அரை மணி தூரத்தில் அறை எடுத்துத் தங்குங்கள். இரவு டூட்டி மருத்துவரின் நேரடி எண்ணை எழுதி வாங்கிய பிறகே டிஸ்சார்ஜ் காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்.